உடன் வந்தவர்

(நமது பழைய மாணவியர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில், 1974-ல் விலங்கியல் பட்டம் பெற்ற மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

வயதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் என் தோழிகளே, இன்று இந்தக் கல்லூரியில் படிக்கும் தங்கைகளே! தங்கைகளே என்று கூப்பிட ஆசையாகத்தான் இருக்கிறது. பேத்திகளே என்பதுதான் கணக்குக்குச் சரியாக வரும்.

போன மாதம் செயலாளர் எனக்குப் போன் செய்தார். "நீதான் சுவிட்சர்லாந்து போயிட்டு வந்தியே, அதைப் பத்திப் பேசேன். இருபது நிமிஷம். கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்" என்றார். நான் தயங்கினேன். இந்த மேடையில் பேசுகிறவர்கள் எல்லாம் டாக்டர், வக்கீல், பேராசிரியை என்று ஏதாவது ஒன்றாக இருப்பார்கள். என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. மட்டும்தான் உண்டு. அதையும் இந்தக் கல்லூரிதான் போட்டுக்கொடுத்தது. அந்த ஊருக்கும் நானாகப் போகவில்லை. என் வீட்டுக்காரர் போனார், நான் கூடப் போனேன். அவ்வளவுதான் என் தகுதி.

சரி, ஜாலியான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றது பிறகு.

என் வீட்டுக்காரருக்குச் சூரிய ஒளியை அளக்கிற வேலை. வானிலைக் கணக்குக்கு ஒரு நாளில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று துல்லியமாகத் தெரியவேண்டும். அதற்குப் பைர்ஹீலியோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. பார்த்தால் சின்னக் குழாய் மாதிரி இருக்கும். சூரியனையே குறிபார்த்து நிற்கும். நம்ம ஊர்க் கடைக்காரர் எடைக்கல்லைக் கொண்டுபோய் முத்திரை போட்டுவருகிற மாதிரி, ஒவ்வொரு நாட்டுக்காரரும் தங்கள் கருவியை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஓர் ஊருக்குக் கொண்டுபோய் உலக அளவுகோலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். அந்த ஊர், சுவிட்சர்லாந்தின் மலைக்குள் இருக்கும் டாவோஸ். உலகக் கதிர்வீச்சு மையம் என்று 1971 முதல் அங்கேதான் இருக்கிறது. வெயில் அடித்தால் எல்லாரும் வெளியே நின்று அளப்பார்கள். மேகம் மூடினால் உள்ளே உட்கார்ந்து கருத்தரங்கு நடத்துவார்கள். 2005 செப்டம்பர் கடைசியில் போய் அக்டோபர் நடுவில் திரும்பினோம். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள், எனக்கும் ஐம்பத்தொரு வயசு ஆகிவிட்டது. "நீயும் வாயேன்" என்றார். கிளம்பிவிட்டேன்.

பெட்டியில் அவர் சட்டைகளைவிடப் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அப்பளம், சின்ன ரைஸ் குக்கர் இவைதான் அதிகம். கருவியை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. கைக்குழந்தையைப்போல மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் முதல் பிள்ளையைக்கூட அவர் அப்படித் தூக்கினதில்லை என்று விமானத்திலேயே சொல்லிக்காட்டினேன்.

சூரிக்கில் இறங்கி, லாண்ட்க்வார்ட் என்ற இடத்தில் ரயில் மாறவேண்டும். அங்கிருந்து சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன ரயில், ஆற்றோரமாகவே வளைந்து வளைந்து மலை ஏறுகிறது. அது மீட்டர் கேஜ் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பீச் – தாம்பரம் மின்சார ரயிலும் 2004 வரை அதே மீட்டர் கேஜில்தானே ஓடியது! அந்தப் பாதையில் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் பெயர் உங்கள் எல்லாருக்கும் தெரியும். தாம்பரம் சானடோரியம். காசநோய்க்காரர்களுக்காக டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் அங்கே ஆரம்பித்த மருத்துவமனையால் வந்த பெயர். சின்ன வயதில் அந்த வழியாகப் போகும்போது, அந்த ஸ்டேஷன் வந்தால் என் அம்மா ஜன்னல் பக்கம் பார்க்கமாட்டாள். அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

டாவோஸ் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டி அதைவிட உயரம்தான். ஆனால் குளிரில் ஊட்டி அதன் கிட்டே நிற்கமுடியாது. முதல் நாள் மாலை வரவேற்பு விருந்து. எல்லாருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். அவர் அட்டையில் பெயர், நிறுவனம், நாடு எல்லாம் இருந்தது. என் அட்டையில் பெயருக்குக் கீழே 'அக்கம்பனியிங் பர்சன்' என்று போட்டிருந்தது. அதாவது உடன் வந்தவர். பக்கத்தில் நின்ற ஒருவர் குனிந்து என் அட்டையைப் படித்தார். படித்ததும் நிமிர்ந்து என் வீட்டுக்காரரோடு பேசப் போய்விட்டார். கையில் ஆரஞ்சுச் சாற்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தபடி நின்றேன். மலை நன்றாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்கு அவர் போய்விடுவார். நான் குக்கரில் சாதம் வைப்பேன். வடகம் தாளித்தால் மூன்று மாடிக்கும் வாசனை போகும் என்று பயந்து ஜன்னலைத் திறந்துவைப்பேன். பிறகு ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, அதற்குக் கீழே புடவை, காலில் ஷூ என்று ஒரு விசித்திர அலங்காரத்தில் ஊர் சுற்றக் கிளம்புவேன். முதல் நாள் ஒரு கடையில் காப்பி விலையைப் பார்த்து, மனசுக்குள் ரூபாயால் பெருக்கி, காப்பி ஆசையையே விட்டுவிட்டேன்.

நடக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்த ஊர்ப் பழைய கட்டடங்களில் நிறைய பெரிய கட்டடங்கள் தெற்குப் பார்த்து நிற்கின்றன. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பால்கனி. அடுக்கடுக்காக, தேன்கூடு மாதிரி. இப்போது அவை ஓட்டல்கள். "வெயில் காயறதுக்கா இத்தனை பால்கனி?" என்று நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கார அம்மாளிடம் கேட்டேன். அவருக்கு எழுபது வயதுக்குமேல் இருக்கும். என் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் ஏறக்குறைய ஒரே தரம் என்பதால் நன்றாகப் பேசிக்கொள்வோம். அவர் நெஞ்சில் கை வைத்து இருமிக் காட்டினார்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அவரே சொன்னார்.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. 1853-ல் அலெக்ஸாண்டர் ஸ்பெங்ளர் என்ற டாக்டர் டாவோஸுக்கு வந்தார். ஜெர்மனியில் நடந்த புரட்சியில் சேர்ந்துவிட்டு, அங்கிருந்து தப்பி வந்தவர். இந்த மலைக்காரர்களிடம் அந்த நோய் இல்லையே என்று அவர் கவனித்தார். மலைக்காற்றுதான் காரணம் என்று முடிவு செய்தார். செய்தி பரவியது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் பணம் உள்ள நோயாளிகள் வந்து குவிந்தார்கள். வைத்தியம் என்ன தெரியுமா? படுத்திருப்பதுதான். கம்பளியால் சுற்றிக்கொண்டு பால்கனியில் சாய்வு நாற்காலியில் மணிக்கணக்காக, மாசக்கணக்காக, சில பேர் வருஷக்கணக்காகப் படுத்திருப்பது. பனி விழுந்தாலும் அதேதான். நன்றாகச் சாப்பிடுவது, நாளுக்குப் பல தடவை காய்ச்சல் பார்ப்பது. பிழைத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

விடுதியில் ஊரின் வரலாற்றைச் சொல்லும் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. அதை எடுத்து வந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களில் முக்கியமான பல பேர் நோயாளிகளாக வந்தவர்களும் இல்லை, வைத்தியம் பார்க்க வந்தவர்களும் இல்லை. என்னைப்போல உடன் வந்தவர்கள்!

ஹோல்ஸ்போயர் என்று ஒரு டச்சுக்காரர். 1867-ல் நோயாளி மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. அவர் ஊரைவிட்டுப் போகாமல், ஸ்பெங்ளரோடு சேர்ந்து பெரிய சிகிச்சை விடுதி கட்டினார். நோயாளிகள் வண்டியில் குலுங்கி வருகிறார்களே என்று ரயில் பாதைக்கு அலைந்தார். 1890-ல் டாவோஸுக்கு ரயில் வந்தது. நாங்கள் ஏறி வந்த சிவப்பு ரயிலின் பாதை அதுதான்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் எழுதிய கோனன் டாயில் 1893-ல் மனைவிக்குக் காசநோய் என்று தெரிந்ததும் அவரை அழைத்துக்கொண்டு அங்கே வந்தார். மனைவி ஓய்வில் இருக்கும்போது அவர் என்ன செய்வார்? மரப்பலகையைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கப் பழகினார். 1894 மார்ச்சில் உள்ளூர் சகோதரர்கள் இருவரோடு மலையைத் தாண்டி அரோசா என்ற ஊருக்குச் சறுக்கியே போய்ச் சேர்ந்தார். அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த இங்கிலீஷ்காரர்களுக்குப் பனிச்சறுக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மான் 1912-ல் சானடோரியத்தில் இருந்த மனைவி காத்யாவைப் பார்க்க வந்து சில வாரம் தங்கினார். உங்களுக்கும் நெஞ்சில் கோளாறு இருக்கிறது, நீங்களும் இங்கேயே தங்குங்கள் என்று டாக்டர் சொன்னாராம். அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அந்தச் சில வாரத்தை வைத்து ஒரு பெரிய நாவல் எழுதி 1924-ல் வெளியிட்டார். 'மாய மலை' என்று தமிழில் சொல்லலாம்.

இதைப் படித்ததும் என் அட்டைமேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. இது வரைக்கும்தான் ஜாலி.

ஊருக்குமேலே இன்னும் முந்நூறு மீட்டர் உயரத்தில் ஷாட்ஸால்ப் என்று ஓர் இடம். 1900-ல் திறந்த பெரிய சானடோரியம் அது. 1950-களில் ஓட்டலாகிவிட்டது. மலையில் இழுத்துப் போகிற ஒரு பெட்டி ரயிலில் ஏறிப் போகவேண்டும். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் நான் மட்டும் போனேன். நோயாளிகள் படுத்திருந்த அந்த நீளமான தாழ்வாரத்தில் இப்போது டீ கொடுக்கிறார்கள். காசு போனால் போகிறது என்று ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த மேசையில் ஒரு வயதான இங்கிலீஷ்காரர். புடவையைப் பார்த்து, "இந்தியாவா? எந்த ஊர்?" என்று கேட்டார். மெட்ராஸ் என்றேன். தான் ஓய்வுபெற்ற மார்புநோய் மருத்துவர் என்றார். பிறகு, "மெட்ராஸில் செட்பெட் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தோழிகளே, என் கையில் இருந்த டீ கோப்பை ஆடிவிட்டது. கீழே வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லக்கூடாத பெயர் ஒன்று உண்டென்றால் அது செட்பெட்தான். ஆல்ப்ஸ் மலையில் ஒரு வெள்ளைக்காரர் அதைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்.

இனி எங்கள் வீட்டுக் கதை. 1961-ல் நாங்கள் சூளையில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். எனக்கு ஏழு வயது. அம்மாவுக்கு இருமல் வந்தது, நிற்கவில்லை. ஒரு நாள் ரத்தமும் வந்தது. அதற்குப் பிறகு அம்மாவின் தட்டும் டம்ளரும் தனியாகப் போயின. படுக்கை பின்கட்டுத் தாழ்வாரத்துக்குப் போனது. என்னை அம்மா பக்கத்தில் உட்காரவிடாமல் ஆயா இழுத்துக்கொள்வாள். அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆஸ்துமா என்று சொல்ல வேண்டும். வாரம் ஒரு நாள் அம்மா எங்கேயோ போய்விட்டு வருவாள். யார் கேட்டாலும் "அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க" என்று சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அம்மா போனது செட்பெட்டில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையத்துக்கு. அங்கே இலவசமாக மருந்து கொடுத்தார்கள். விழுங்குவதற்கே கஷ்டமான பெரிய பெரிய மாத்திரைகள். சாப்பிட்டதும் குமட்டும். ஆயா பார்க்காதபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் அம்மா வீட்டுக்கு வந்து மிச்சம் இருக்கிற மருந்தை எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார். அவர் தெருவில் நுழைந்தாலே ஆயா முகம் வெளுத்துவிடும். பக்கத்து வீட்டாரிடம் அவரை 'தையல் டீச்சர்' என்று சொல்லிவைத்திருந்தோம்.

அம்மாவுக்கு முழுசாகக் குணமாகிவிட்டது. 1998 வரை இருந்தாள். வேறு வியாதியில்தான் போனாள். ஆனால் எனக்குப் பதினாறு வயதானபோது அம்மா ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். "உன்னைக் கட்டிக்கொடுக்கிற வரைக்கும் இதைப் பத்தி யார்கிட்டயும் வாயத் திறக்காதே. கட்டிக்கொடுத்த பிறகு கேக்கவே வேணாம்." நானும் திறக்கவில்லை. இந்தக் கல்லூரியில், மாடியில் நம் விலங்கியல் லாபில் ஒரு நாள் மைக்ரோஸ்கோப்பில் காசநோய்க் கிருமியைக் காட்டினார்கள். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள் தெரியும் என்று டீச்சர் சொன்னார். என் முறை வந்ததும் தலைவலி என்று சொல்லி வெளியே போய்விட்டேன். அன்றைக்கு எனக்கு அனாசின் வாங்கிவந்து கொடுத்த தோழி இதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அது தலைவலி இல்லை அம்மா, இப்போது சொல்கிறேன்.

மலைமேல் அந்த டாக்டர் எனக்குச் சொன்னது இது. ஊருக்கு வந்ததும் நானே தேடிப் படித்தும் பார்த்தேன். 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்தார்கள். 1952-ல் ஐசோனையசிட் வந்தது. மருந்து வந்துவிட்டது, ஆனால் நோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டு, ஓய்வு கொடுத்தால்தான் மருந்து பலிக்குமா என்ற கேள்வி இருந்தது. இந்தியாவில் இத்தனை லட்சம் பேருக்குப் படுக்கைக்கு எங்கே போவது? மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து 1956-ல் செட்பெட்டில் ஒரு மையம் ஆரம்பித்தார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் முதலில் பொறுப்பேற்றார். நகரத்து ஏழை நோயாளிகள், இருநூறுக்குச் சற்றுக் குறைவானவர்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் ஒரு வருஷம் மருந்து. பாதிப் பேருக்கு வீட்டிலேயே அதே மருந்து. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான குடித்தனம், போதாத சாப்பாடு, ஓய்வும் குறைவு. 1959-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் வீட்டாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை.

"மருந்து வந்ததும் இந்த மலை காலியாக ஆரம்பித்தது. மருந்து இருந்தால் மலையே வேண்டாம் என்று காட்டியது உங்கள் ஊர்" என்றார் அந்தப் பெரியவர். பால்கனிகள் காலியானதும் டாவோஸ் பனிச்சறுக்குக்கும் மாநாட்டுக்கும் மாறிக்கொண்டது. 1971-லிருந்து உலகத்துப் பெரிய மனிதர்கள் கூடும் பொருளாதாரக் கூட்டங்கள் அங்கேதான் பெரும்பாலும் நடந்துவருகின்றன.

அந்தத் தாழ்வாரத்தில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எங்கள் வீட்டில் மூடி மூடி வைத்தோமே, அந்த வெட்கக்கேடு, உலக மருத்துவ வரலாற்றில் ஒரு பக்கமாக இருக்கிறது. அந்த மையம் இல்லையென்றால், வைத்தியம் உண்டென்றால் அது சானடோரியம்தான் என்று இருந்திருக்கும். அம்மா போயிருப்பாள், அல்லது படுக்கை கிடைக்காமல் வீட்டிலேயே செத்துப் போயிருப்பாள். இரண்டும் நடக்கவில்லை. தட்டு தனியாக இருந்தாலும், அம்மா அதே வீட்டில் இருந்தாள்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம் கழித்து.

அவர் உருகிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார் என்று நீங்கள் நினைத்தால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ரொம்ப நேரம் பேசவேயில்லை. அப்புறம் கேட்டார்: "பையனுக்கு ஆறு வயசுல ரெண்டு மாசம் இருமல் இருந்துதே. 'குடும்பத்துல யாருக்காவது டி.பி. இருந்துச்சா'ன்னு டாக்டர் கேட்டாரு. நீ என்ன சொன்னே?"

இல்லை என்று சொல்லியிருந்தேன். அவர் பக்கத்திலேயே இருந்து கேட்டிருந்தார்.

பையனுக்கு வந்தது வெறும் வீசிங்தான். அது என் அதிர்ஷ்டம். வேறு ஏதாவதாக இருந்திருந்தால்? அம்மாவுக்குச் செய்த சத்தியத்துக்காக நான் பிள்ளையின் டாக்டரிடம் பொய் சொன்னேன். இதற்கு எந்த மாதிரி நியாயமும் என்னிடம் இல்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இல்லை. அன்று இரவு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மேகம் மூடியிருந்தது. கருத்தரங்கு முடிந்து சீக்கிரமே வந்துவிட்டார். "வா, ஒரு இடம் காட்டறேன்" என்றார். டாவோஸ் டோர்ஃபில் அவர்களுடைய நிலையம் இருக்கிற பழைய பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு அழைத்துப்போனார். வெளியே நின்றுகொண்டு, "இதை யாரு ஆரம்பிச்சாங்க தெரியுமா?" என்று கேட்டார். கார்ல் டோர்னோ என்று ஒரு வியாபாரி. மகளுக்குக் காசநோய். அவளுக்காகத்தான் குடும்பத்தோடு டாவோஸுக்கு வந்தார். மகள் பிழைக்கவில்லை. இந்த மலைக் காற்றிலும் வெயிலிலும் அப்படி என்னதான் இருக்கிறது என்று அவர் அளக்க ஆரம்பித்தார். 1907-ல் சொந்தப் பணத்தில் ஓர் ஆய்வு நிலையம் வைத்தார். நூறு வருஷம் கழித்து உலகமே தன் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது அந்த நிலையத்துக்குத்தான்.

"அவரும் உன்னை மாதிரி கூட வந்தவர்தான்" என்றார். என் வீட்டுக்காரருக்கு அதற்குமேல் சமாதானம் பேசத் தெரியாது. எனக்கும் அதற்குமேல் வேண்டியிருக்கவில்லை. ஏரிவரை நடந்தோம். அந்த வருஷத்து முதல் பனி லேசாகத் தூறியது. திரும்பும் வழியில் அவரே கேட்டார்: "உங்கம்மா செட்பெட்டுக்கு யார்கூடப் போவாங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை நான் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டதில்லை. அம்மா யார் கூடவும் போகவில்லை. கூட ஒருவர் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமே! அப்பா பஸ் ஸ்டாப்புக்குப் பத்தடி முன்னால் வரை போவார். அங்கே நின்று, பஸ் வருகிறவரை வேறு எதையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரு வருஷம், வாரம் ஒரு தடவை, குமட்டுகிற வயிற்றோடு, தனியாக. அந்த டச்சுக்காரரும் கோனன் டாயிலும் தாமஸ் மானும் தங்கள் மனைவிமார்களுக்காக மலையேறி வந்தார்கள். என் அப்பா கெட்டவர் இல்லை. பத்தடியைத் தாண்ட அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் அந்தப் பத்தடியை வைத்திருந்தோம். நானும்தான், 'கோயிலுக்கு' என்று சொல்லிச் சொல்லி.

ஊருக்கு வந்ததும் பிள்ளைகள் இரண்டு பேரிடமும் சொன்னேன். மருமகள் வந்தபோது அவளிடமும் முதலிலேயே சொன்னேன். அவள், "அதனால என்ன அத்தை?" என்று கேட்டுவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு தலைமுறையாகச் சுமந்ததை அவள் ஒரு நிமிஷத்தில் இறக்கி வைத்துவிட்டாள்.

ஒரு நாள் செட்பெட்டுக்கும் போனேன். அந்த மையத்துக்கு 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். உள்ளே போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாசலுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே படிக்கும் பெண்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. காசநோய் பழைய கதை இல்லை. உலகத்தில் ஒரு வருஷத்தில் வருகிற காசநோய்க்காரர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் நம் நாட்டில் இருக்கிறார். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. அரசு மருத்துவமனையில் இலவசம். நடுவில் நிறுத்தாமல் சாப்பிட்டால் குணமாகும். அது காற்று வழியாகத்தான் பரவும், தட்டு டம்ளர் வழியாக இல்லை. இரண்டு வாரத்துக்குமேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டால், நான் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. ஹாஸ்டலிலோ, தெருவிலோ, வீட்டிலோ யாராவது வாரா வாரம் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள் என்று தெரிந்தால், "நானும் வரட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வாள். இரண்டாவது தடவையும் கேளுங்கள்.

அந்த அட்டையை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அம்மா படத்துக்குப் பக்கத்தில், பீரோவில் இருக்கிறது.

ஜாலியாகப் பேசச் சொன்ன செயலாளர் என்னை மன்னிக்கவேண்டும்.